உச்சி வெயிலில் யாரும் படம் எடுப்பதில்லை

இணையத்தில் கிடைக்கிற படங்களை மட்டும் பார்த்து ஒருவர் நம்ம ராமநாதபுரம் கடற்கரையைப் புரிந்துகொள்ளப் பார்த்தால், இங்கே சூரியன் உதிக்கும், மறையும், நடுவில் பகல் என்று ஒன்று கிடையாது என்றுதான் நினைப்பார். பாம்பன் பாலம், பின்னால் ஆரஞ்சு வானம். தனுஷ்கோடி சர்ச் இடிபாடு, பின்னால் ஊதா வானம். வலை வீசுகிற ஒரு ஆள், முகம் தெரியாத கறுப்பு உருவமாக. யார் எடுத்தாலும் இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் வருகின்றன. அதற்குக் கீழே எழுதுகிற வரிகள்கூட ஒரே மாதிரிதான்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. ராம்நாட்டில் ஆபீஸ் வேலை, கையில் ஒரு பழைய கேமரா, அது இல்லாதபோது போன். அவ்வளவுதான் தகுதி. ஆனால் இங்கேயே குடியிருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: நம்ம ஊர் ஒரு மத்தியான ஊர். அதை மத்தியானத்தில் எடுக்க வேண்டும்.

காலை, மாலை வெளிச்சத்தை எல்லோரும் ஏன் துரத்துகிறார்கள் என்று தெரியாமல் இல்லை. சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி அதிகக் காற்றைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. யாரை நிறுத்தி எடுத்தாலும் அழகாக இருப்பார்கள். சரிதான். ஆனால் நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது. அந்தப் பொன் வெளிச்சம் அரை மணி நேரம் நின்றாலே அதிகம். மேல்நாட்டுப் புகைப்படப் பாடங்களில் வருகிற நிதானமான, நீளமான சாயங்காலம் நமக்கு வாய்க்கவில்லை. வாய்த்தது ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரை அடிக்கிற வெயில்.

அந்த வெயில்தான் இங்கே சோறு போடுகிறது. வாலிநோக்கத்தில் உப்பு விளைவது அதில்தான். பாம்பனிலும் மண்டபத்திலும் நெத்திலியும் காரலும் கருவாடாவது அதில்தான். கொஞ்சம் உள்ளே கமுதிப் பக்கம் போனால், 2016-ல் திறந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அதே வெயிலைப் பிடித்துக் கம்பியில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட மாவட்டத்தை வெயில் இறங்கிய பிறகே படம் எடுப்பது, பந்தல் பிரிக்கிற நேரத்துக்குக் கல்யாண வீட்டுக்குப் போய் நிற்பது மாதிரி.

மத்தியானத்தில் என்ன எடுப்பது என்று கேட்பீர்கள். நிழலை எடுங்கள்.

கேணிக்கரையிலோ பாரதி நகரிலோ வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ் நிற்கிற இடத்தில் நிற்க மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி ஏதோ ஒரு விளம்பரப் பலகையின் நிழலில் நெருக்கியடித்து நிற்பார்கள். டிரைவர்களுக்கும் அது தெரியும், வண்டியை அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மூன்று மணி வாக்கில் கம்பத்தின் நிழல் நீண்டு விழுந்தால் அந்த ஒரு கோட்டில் ஒருவர் பின்னால் ஒருவராக ஆட்கள். முன்பின் தெரியாதவர்கள், ஆனால் ரேஷன் கடை வரிசையில்கூட இவ்வளவு ஒழுங்காக நின்றிருக்க மாட்டார்கள்.

தண்ணீர் லாரி வருகிற தெருக்களில் இதைவிட நல்ல படம் இருக்கிறது. குடங்கள் மட்டும் வெயிலில் வரிசையாக நிற்கும், பச்சை, நீலம், சிவப்பு என்று. ஆட்கள் எதிர்ப்பக்கத் திண்ணை நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். யார் குடம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஒருவர் வந்து ஒரு குடத்தை அரையடி நகர்த்தட்டும், பேச்சு அப்படியே நிற்கும், எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வரும். குடத்தையும் ஆளையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர நடுரோட்டில் நிற்க வேண்டியிருக்கும். டூ வீலர்காரர்கள் திட்டுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரைத் தாண்டி ஏர்வாடி, சாயல்குடி வழியில் உடை மரங்கள் நிற்கின்றன. சீமைக்கருவேலத்தைத் திட்டுகிற வேகத்தில் இந்த மரத்தை நாம் மறந்தே போனோம். உச்சி தட்டையாகப் பரந்த மரம். உச்சி வேளையில் அதன் நிழல் அடிமரத்தைச் சுற்றி வட்டமாக விழும். அந்த வட்டத்துக்குள் ஆடுகள் காலைக்கூட வெளியே நீட்டாமல் படுத்திருக்கும். நிழல் நகர்ந்தால் ஆடுகளும் எழுந்து நகரும். மேய்க்கிறவரும் கூடவே நகர்வார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் அட்சரேகையில் சூரியன் வருஷத்துக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. ஒன்று சித்திரைப் பிறப்பை ஒட்டி, ஏப்ரல் நடுவில். இன்னொன்று ஆகஸ்ட் கடைசியில். அப்போது பகல் பன்னிரண்டேகால் வாக்கில் நேராக நிற்கிற கம்பத்துக்கு நிழலே இருக்காது. கடிகாரம் பன்னிரண்டு அடித்ததும் ஏன் நடக்கவில்லை என்றால், நம் கடிகார நேரம் நமக்குக் கிழக்கே இருக்கிற தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது, சூரியன் நம் தலைக்கு மேல் வர இன்னும் கால் மணி நேரம் ஆகிறது. ஆகஸ்டில் மேகம் வந்து கெடுக்கலாம். சித்திரையில் நம் வானத்தை நம்பலாம்.

அதை விட்டால், ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சுற்றுலா வருகிறவர்கள் கடலைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளூர்க்காரனுக்கு இதுதான் அறுவடை. படகுகளைக் கரையேற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி, பெயிண்ட் அடிப்பார்கள். தண்ணீருக்குள்ளேயே இருக்கிற அந்த அடிவயிற்றை வருஷத்தில் இப்போதுதான் வெளிச்சத்தில் பார்க்க முடியும். கிழிந்த வலையை விரித்துப்போட்டு, தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து சரிபார்ப்பார்கள். தார்ப்பாய் நீலமென்றால் எல்லோர் முகத்திலும் நீலம் அடிக்கும். அதைச் சரிசெய்யாதீர்கள்.

போனில் எடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்போதைய போன்கள் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கி, நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை அடக்கி, நம்ம ஊர் வெயிலைக் கொடைக்கானல் வெயில் ஆக்கிவிடும். அந்த ஹெச்டிஆரை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள். உப்பளத்திலும் வெள்ளை மணலிலும் நேர்மாறான தொல்லை. எதைப் பார்த்தாலும் கேமரா நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கணக்குப் போடுவதால் உப்பு அழுக்காகத் தெரியும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வையுங்கள். அங்கே ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. உப்பிலிருந்து வெளிச்சம் மேலே திரும்பி அடிப்பதால், உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே விழுகிற கரிய குழி நிரம்பிவிடும். ஸ்டுடியோவில் இதற்கென்று வெள்ளைத் தெர்மாகோல் பிடிப்பார்கள், இங்கே தரையே அதைச் செய்கிறது. அப்புறம், லென்ஸில் காய்ந்த உப்பை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள், கீறும்.

முகங்களுக்கு வருகிறேன். எனக்கு உண்மையான கோபம் அந்தக் கறுப்பு உருவப் படங்கள் மேல்தான். எதிர்வெயிலில் நிறுத்தி எடுத்தால் எந்த மீனவரும் ஒரே மீனவர்தான். பெயர் கேட்க வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம், பரிசுக்கும் அனுப்பலாம். வீச்சு வலையைச் சும்மா வீசிக் காட்டச் சொல்லிக் காசு கொடுத்து எடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மீன் இருக்கிறதோ இல்லையோ, வலை வானத்தில் வட்டமாக விரிந்தால் போதும்.

மத்தியானத்தில் அந்த வித்தை நடக்காது. முகம் தெரிந்தே தீரும், அதனால் பேசித்தான் ஆக வேண்டும். மண்டபம் பக்கத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா, சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. என்னைப் பார்த்ததும், "என்ன தம்பி, இந்த வெயில்ல வந்து நிக்கிற? சாயங்காலம் வந்தா கடல் நல்லாருக்கும்ல" என்றார்.

"கடலை எடுக்க வரலக்கா. உங்களைத்தான். எடுக்கலாமா?"

"கருவாட்டுக்காரிய எடுத்து என்ன செய்யப்போற?" என்று சிரித்துவிட்டு, "இரு, மொகம் கழுவிட்டு வாரேன்" என்று போனார். சட்டையைக் கழற்றி, தலையை வாரி, சேலையைச் சரிசெய்து வந்து நேராக நிமிர்ந்து நின்றார். நான் மனசுக்குள் வைத்திருந்த படம் வேறு, துண்டும் சட்டையுமாகக் குனிந்து வேலை செய்கிற படம். அவர் கொடுத்தது இது. எடுத்ததும், "துபாய்ல மகன் இருக்கான், வாட்ஸ்அப்ல போட்டுவிடு" என்று நம்பர் சொன்னார். அந்தப் படத்தில் கண் கொஞ்சம் இடுங்கியிருக்கிறது. இந்த வெயிலில் நிற்கிறவர்களின் கண் அப்படித்தான் இருக்கும். கலை என்று பேசுகிறவர்கள் இதை ஸ்டுடியோ போஸ் என்று தள்ளிவிடுவார்கள். தள்ளட்டும். தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரு கருத்து இருக்கிறது. என் கருத்தைவிட அது முக்கியம்.

தனுஷ்கோடியிலும் இதே கதை. 1964 டிசம்பர் புயலில் போன ஊர். அந்தச் சர்ச் சுவரை எடுப்பதற்கு முன்னால் எல்லோரும் செய்கிற வேலை, பக்கத்தில் சங்கும் சிப்பிமாலையும் விற்கிற கொட்டகைகள் சட்டத்துக்குள் வராமல் நகர்ந்து நிற்பது. ஆள் இல்லாத ஊர் என்று எழுதுவதற்கு ஆட்களை முதலில் வெட்ட வேண்டியிருக்கிறது! அங்கே இன்றைக்கும் குடிசை போட்டு, மீன் பிடித்து, பொரித்து விற்றுப் பிழைக்கிறார்கள். சுவரோடு சேர்த்து அவர்களையும் எடுங்கள். கேட்டுவிட்டு எடுங்கள், இரண்டு மீனும் வாங்கிச் சாப்பிடுங்கள்.

கடலே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் மத்தியானம்தான் தோது. சாயங்காலக் கடல் வெறும் பளபளப்பு, வானத்தைத்தான் திருப்பிக் காட்டும். சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்குகிறது. அமைதியான நாளில் பாக் நீரிணைப் பக்கத்து ஆழமில்லாத கடலை உயரத்திலிருந்து பார்த்தால் மணல் எங்கே, கடற்புல் எங்கே என்று திட்டுத்திட்டாகத் தெரியும், வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாக.

வெயிலில் மயங்கி விழுந்தால் நான் பொறுப்பில்லை. தொப்பி, தண்ணீர் எல்லாம் உங்கள் பாடு. போன் கொதித்துப்போய் கேமராவை மூடிவிடும், அதற்கும் நிழலில்தான் வைத்தியம்.

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை ஆட்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். உங்கள் தெருவில் மத்தியானம் எல்லோரும் ஒதுங்குகிற நிழல் எது? ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். அந்த நிழலுக்கு ஒரு பேர் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் தெருமுனை வேப்பமர நிழலுக்கு பென்ஷன் ஆபீஸ் என்று பேர். காரணம், அங்கே உட்கார்ந்திருப்பவர்களை எடுத்து நாளைக்குப் போடுகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டாயிற்று. ஷேவ் பண்ணிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.