அந்த இரண்டு மில்லிமீட்டரைக் கடைக்காரர்களுக்கு யார் சொல்வது?

தைப்பூசத்துக்கு முன்பாகப் பழைய கேமராவை மாற்றிவிட வேண்டும் என்று இங்கே மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் ஒரு கடைக்குப் போய் வந்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கையில் இருப்பது 2018இல் வெளிவந்த கேனான் எம்50. அதனோடு 22, 32, 11–22 மி.மீ. என்று மூன்று ஈஎஃப்-எம் லென்ஸ்கள், அதாவது கேனானின் எம் வரிசைக் கேமராக்களுக்கென்றே செய்யப்பட்டவை. புதிதாக கேனானின் ஆர் வரிசையில் ஆர்7 அல்லது ஆர்10 வாங்கினால் இந்த மூன்றும் அதில் பொருந்துமா?

"பொருந்தும், அடாப்டர் போட்டால் போதும்" என்றார் அந்த விற்பனையாளர். ஒருவகை லென்ஸை வேறுவகைக் கேமராவில் மாட்ட இடையில் செருகும் வளையம்தான் அடாப்டர். நான் முடிக்கும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. அடாப்டர் பெட்டியை எடுத்து மேசைமீது வைத்து, விலையையும் 15 விழுக்காடு வாட் வரியையும் கூட்டத் தொடங்கிவிட்டார். பெட்டியில் ஈஎஃப் என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கிறது; என்னுடையவை ஈஎஃப்-எம் என்று சொன்னேன். இரண்டும் ஒன்றுதான் என்றார். அப்படியானால் மாட்டிக் காட்டுங்கள் என்றேன். 22 மி.மீ. லென்ஸை வாங்கி அடாப்டரின் வாயில் வைத்துத் திருகினார். அது பிடிமானமே இல்லாமல் ஆடியது. மறுபடியும் திருகினார். 105 கிராம் எடையுள்ள அந்தச் சிறு லென்ஸின் பின்புறத் தொடுமுனைகள் உலோகத்தில் உரசுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை, பிடுங்கிக்கொண்டேன். அதற்கு அவர் சொன்ன விளக்கம், கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்பது. உலோக வளையம் உலோக வளையத்தில் உட்கார மறுக்கும்போது மென்பொருள் என்ன செய்யும்? அவருக்கு மூத்தவர் ஒருவர் உள்ளிருந்து வந்து, வேறொரு நிறுவனத்தின் அடாப்டரைத் தருவித்துத் தருகிறோம், இன்றைக்கு முன்பணம் கட்டுங்கள் என்றார்.

அப்படி ஒரு அடாப்டர் வர வழியில்லை. ஈஎஃப் என்பவை கேனானின் பழைய எஸ்எல்ஆர் கேமராக்களுக்கான லென்ஸ்கள்; படம் விழும் சென்சாரிலிருந்து அவற்றின் மாட்டும் வளையம் 44 மி.மீ. தள்ளி நிற்க வடிவமைக்கப்பட்டவை. ஆர்7, ஆர்10 கேமராக்களில் லென்ஸ் மாட்டும் வாயான ஆர்எஃப் மவுண்டில் அந்தத் தூரம் 20 மி.மீ.; எனவே இடையில் 24 மி.மீ. நீளக் குழாய் ஒன்றைச் செருகினால் 1987ஆம் ஆண்டு லென்ஸ்கூடப் புதிய கேமராவில் வேலை செய்யும். ஈஎஃப்-எம்மில் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டுமே. அதாவது, தொலைவிலுள்ள பொருள் தெளிவாக விழ வேண்டுமானால் லென்ஸ் கேமராவுக்குள் இரண்டு மில்லிமீட்டர் புதைந்து உட்கார வேண்டும். கண்ணாடிச் சில்லு எதுவும் இல்லாத வெறும் குழாய் தூரத்தைக் கூட்டும்; ஒருநாளும் குறைக்காது. பள்ளிக் கணக்கு இது. 32 மி.மீ. லென்ஸும் ஆர்எஃப் மவுண்டின் முதல் கேமராவும் 2018 செப்டம்பர் 5 அன்று ஒரே நாளில் அறிவிக்கப்பட்டவை. இவை ஒன்றோடொன்று சேரா என்பது அன்றிலிருந்தே தெரிந்த செய்தி. கேமரா விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு இத்தனை ஆண்டுகளாகியும் அது எட்டவில்லை என்றால் அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

நான் தப்பித்தேன், ஏனென்றால் எனக்கு விடை முன்பே ஓரளவு தெரியும். கடைக்காரர் வாயால் உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் போனேன். மகனுக்கோ மகளுக்கோ வாங்க வரும் ஒருவர் இதே பேச்சை நம்பிப் பாடியையும் (லென்ஸ் இல்லாத கேமராவையும்) அடாப்டரையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். பெட்டியைப் பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்ற அறிவிப்பு மட்டும் அந்தக் கடையில் கண்ணில் படும்படி தொங்குகிறது.

எம்50 போன்ற பழைய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு மாற்று தேடுகிறவர் உண்மையில் பாடியைத் தேர்ந்தெடுப்பதில்லை, லென்ஸ்களைத் தேர்ந்தெடுக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிட்டு, ஆர்10இல் ஈரம் புகாத காப்பு இல்லை, ஆர்7இல் உண்டு என்று அடுத்ததாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பணத்தைக் கொடுத்திருப்பேன். தைப்பூசம் இங்கே புயல் பருவத்தில் வருகிறது. கோர்-தெ-கார்த் மலைக் கோயில் படிகளில் காவடிகளுக்குப் பின்னால் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடம் கிடையாது. அதைப் பற்றி அந்த இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வாசலைத் தாண்டும்வரை, மெமரி கார்டும் தோள்பையும் சேர்த்து எடுத்தால் அடாப்டருக்குத் தள்ளுபடி உண்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.