தேயாத தேய்மானம்

புலவர்: 6,50,000 என்று நான் சொன்னது விலை அல்ல தம்பி, அது நியாயம்.

தரகர்: நியாயத்தை வாங்குவதற்கு என்னிடம் ஆள் இல்லை ஐயா, கார் வாங்குவதற்குத்தான் ஆள் வைத்திருக்கிறேன். ஒன்பதாவது ஆண்டில் நிற்கும் பெட்ரோல் செடான் என்பதால், தேய்மானம் போக 3,00,000 தருகிறேன்.

புலவர்: தேய்மானமா? எங்கே தேய்ந்திருக்கிறது என்று தொட்டுக் காட்டுங்கள். அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் தமிழ் நடத்தியவன் நான். தேய் என்பது வினையடி. ஒரு பொருள் தேய்ந்தால்தான் அதற்குத் தேய்மானம் என்று பெயர். இந்த டயரைப் பாருங்கள், கோடுகள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன.

தரகர்: கோடுகள் இருக்கின்றன. அதே டயரின் பக்கவாட்டில் 2217 என்று நான்கு எண்களும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்த டயர் என்பது அதன் பொருள். ஓடினாலும் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஓரமெல்லாம் வெடிப்பு விட்டிருக்கிறது. வாங்குகிறவர் முதல் வேலையாக நான்கையும் மாற்றிவிட்டு, அந்தச் செலவை என்னிடம் கழிப்பார்.

புலவர்: மொத்தமே 17,400 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.

தரகர்: அதுதான் ஐயா பெரிய சிக்கல். 80,000 என்று இருந்தால் மறுபேச்சில்லாமல் நம்புவார்கள். 17,400 என்று காட்டினால், மீட்டரைத் திருப்பி வைத்தது நீயா, உன் முதலாளியா என்று என்னைக் கேட்பார்கள்.

புலவர்: வாரத்துக்கு ஒரு முறை மயிலாப்பூர்க் கோயிலுக்குப் போய்வருவேன். மற்ற நாட்களில் உறை போட்டு மூடி, உறையின் மேல் ஒரு போர்வையும் போட்டு வைத்திருந்தேன். இருக்கைகளின் பிளாஸ்டிக்கைக்கூட இன்றுவரை பிரிக்கவில்லை.

தரகர்: உட்கார்ந்தபோதே தெரிந்தது, அப்பளக் கட்டின் மேல் உட்கார்ந்தது போலச் சத்தம் வந்தது. யாருக்காக ஐயா அந்த இருக்கையைக் காப்பாற்றி வைத்தீர்கள்?

புலவர்: விற்கும்போது புதிதாக இருக்க வேண்டும் அல்லவா?

தரகர்: அப்படியென்றால் எட்டு ஆண்டுகளுக்கு மேலாக, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய காருக்குச் சம்பளம் இல்லாத காவலாளியாக இருந்திருக்கிறீர்கள்.

(இதை எழுதும் நான் தரகர் பக்கம் சாய்வது தெரிகிறது என்றால், தெரியட்டும். என் தெருவில் இப்படிப் போர்வை போர்த்திய கார்கள் ஐந்து நிற்கின்றன. அவற்றால் தண்ணீர் லாரி உள்ளே வர முடியாமல் தெருமுனையிலேயே நிற்கிறது, நாங்கள்தான் குடத்தோடு நடக்கிறோம்.)

புலவர்: என் கணக்கைக் கேளுங்கள். 2017இல் ஷோரூம் விலை 7,00,000, அதற்குப் பத்து சதவீத ஆயுள் வரி 70,000, காப்பீடும் பதிவும் 30,000, சீட் கவர், மேட், பின்புறக் கேமரா எல்லாம் சேர்த்து 45,000, பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம் நான்கு, 20 ரூபாய். ஆக மொத்தம் 8,45,020. அதிலிருந்து உங்கள் முகத்துக்காக 1,95,020 குறைத்திருக்கிறேன்.

தரகர்: எலுமிச்சம்பழத்தையும் குறைத்துவிட்ட பெருந்தன்மைக்கு நன்றி. வரியும் அலங்காரமும் போன பணம் ஐயா; மேட்டுக்கு என்று யாரும் தனியாகத் தர மாட்டார்கள். மீதியை உங்கள் காப்பீட்டுத் தாளே சொல்லும். அதில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்குமே, வண்டி களவு போனால் நிறுவனம் தரும் உச்சத் தொகை, அது புது வண்டிக்கே ஷோரூம் விலையில் 95 சதவீதம்தான். முனீஸ்வரர் வாசலில் எலுமிச்சம்பழம் நசுங்குவதற்கு முன்பே விலையில் ஐந்து சதவீதம் நசுங்கிவிட்டது. ஆறு மாதம் கடந்தால் 15, ஓராண்டு கடந்தால் 20, இரண்டு கடந்தால் 30, மூன்று கடந்தால் 40, நான்கு கடந்தால் 50 சதவீதம் என்று கழித்துக்கொண்டே போய், ஐந்து ஆண்டுக்கு மேல் நிறுவனமும் நீங்களும் பேசி ஒரு தொகையை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள்.

புலவர்: பேசி வைத்துக்கொள்ளலாமா? நல்லது, 6,50,000 என்று பேசி வைத்துக்கொள்கிறேன்.

தரகர்: ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறீர்கள். இந்தத் தாளில் 2,80,000 என்று இருக்கிறது. நான் அதற்கும் மேலே 20,000 தருகிறேன்.

புலவர்: அது பிரீமியம் குறைவதற்காக நான் சொன்ன தொகை. பிரீமியத்துக்கு ஒரு மதிப்பு, விற்பனைக்கு ஒரு மதிப்பு. ஒரு சொல்லுக்கு இடத்துக்கு ஏற்ப இரு பொருள் வருவது இல்லையா?

தரகர்: அதற்கு இலக்கணத்தில் என்ன பெயரோ எனக்குத் தெரியாது, எங்கள் தொழிலில் அதற்கு ஒரு பெயர் உண்டு, பெரியவர் முன்னால் சொல்லக் கூடாது.

புலவர்: டயர் தேயவில்லை.

தரகர்: டயரை விடுங்கள். சிறிய பெட்ரோல் காருக்குச் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்ந்து 29 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 அன்று 18 ஆகிவிட்டது. 8,00,000க்கு விற்ற புது வண்டி ஏறக்குறைய 7,32,000க்கு வந்துவிட்டது. புதிதின் விலை இறங்கினால் பழையது அதே இடத்தில் நின்றுகொண்டிருக்குமா?

புலவர்: டெல்லியில் கூட்டம் போட்டு, மடிப்பாக்கத்தில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்த வண்டியைத் தேய்த்தார்கள் என்கிறீர்களா?

தரகர்: ஆமாம் ஐயா, தொடாமலேயே தேய்த்தார்கள். போதாததற்கு இது செடான். நான்கு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்பதால், 2008இல் நீளமாக வந்த மாருதி டிசையர் செடானையே 2012இல் வாலை நறுக்கிச் சிறிதாக்கினார்கள். மற்ற நிறுவனங்களும் அதே அளவில் வண்டி செய்தன. இப்போது அதே நான்கு மீட்டருக்குள், அதே வரியில், உயரமான எஸ்.யூ.வி. கிடைக்கும்போது இதை யார் தேடி வருவார்கள்? வருகிறவர்களில் பாதிப் பேர் கால் டாக்சி ஓட்டுவதற்காகக் கேட்கிறார்கள்.

புலவர்: உயரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்களாம்?

தரகர்: வேகத்தடையில் வயிறு உரசாமல் போகப் போகிறார்கள். உங்கள் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தேன், நீளமாக ஒரு கீறல் இருக்கிறது.

புலவர்: அந்தக் கீறலுக்குக் காரணம் நான் அல்ல. வண்டி வாங்கிய அன்று என் வாசலும் தெருவும் ஒரே மட்டத்தில் இருந்தன. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலையிலேயே புதிய சாலையைப் போட்டுப் போட்டு, தெரு ஓர் அடி மேலே போய்விட்டது, நான் கட்டிய வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. மழைநீர் உள்ளே வராமல் இருக்க வாசலில் ஒரு படி வேறு கட்ட வேண்டியதாயிற்று. இந்த ஊரில் ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் தவறாமல் உயருவது சாலை ஒன்றுதான் தம்பி. அதற்கு யாரும் தேய்மானம் போடுவதில்லை.

தரகர்: (சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு) இதற்கு என்னிடம் பதில் இல்லை. தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் புயலின்போது இந்த வண்டி எங்கே இருந்தது? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பேன், சேற்றுக் கோடு இருந்தால் 3,00,000உம் இல்லை.

புலவர்: இழுத்துப் பாருங்கள், தாராளமாக இழுத்துப் பாருங்கள். முதல் நாளே வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டேன்.

தரகர்: இந்த வண்டி வாழ்நாளில் உயர்ந்தது அந்த மூன்று நாள்தான்.

புலவர்: டயரும் தேயவில்லை, தண்ணீரும் படவில்லை.

தரகர்: ஐயா, டயரை இன்னொரு முறை சொன்னால், உங்களிடம் நான்கு டயரை மட்டும் வாங்கிப் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடையில் போட்டுவிட்டு, மீதி வண்டியைப் போர்வையோடு உங்களிடமே விட்டுவிடுவேன். வண்டியை ஒரு முறை இயக்கிக் காட்டுங்கள், 3,10,000 வரை முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன்.

(சாவி திரும்பியது. டிக் என்று ஓர் ஒலி வந்தது. மீண்டும் திரும்பியது. மீண்டும் டிக்.)

தரகர்: பேட்டரிக்கும் வயதாகிவிட்டது. என் பைக்கில் ஜம்பர் கேபிள் கிடையாது. தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய்த்தான் இயக்க வேண்டும்.

புலவர்: வந்ததிலிருந்து தள்ளுபடி, தள்ளுபடி என்றுதானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதோ வாசலில் படி இருக்கிறது. தள்ளுங்கள்.

தரகர்: தள்ளுகிறேன் ஐயா. பேட்டரியின் விலையையும் கழித்துக்கொண்டு தள்ளுகிறேன்.