அந்தப் பட்டியல் உங்களுக்கு எழுதியது அல்ல, ஐயா

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை. 'இந்த வாரம் டிவியில் என்ன படம் பார்க்கலாம்' என்று வெள்ளிக்கிழமைதோறும் நான் எழுதும் பட்டியலுக்குக் கீழே அந்த அன்பர் எழுதியதை எல்லோரும் படித்திருப்பீர்கள். "இன்னுமா டிவியில் படம் பார்க்கிறார்கள்? முதியோர் இல்லத்துக்குச் செய்யும் சேவையா?" அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளில் பாதி என் சொந்தக்காரர்களுடையவை. சந்தோஷம்.

ஐயா, அந்தப் பட்டியல் உங்களுக்கு எழுதியது அல்ல. நான்கு செயலிகளுக்குச் சந்தா கட்டிவிட்டு, எதைப் பார்ப்பது என்று தேடித் தேடியே தூங்கிப்போகிறவருக்கு என் தயவு எதற்கு? டிவியில் வருவதை மட்டும் பார்க்கிறவர்கள் இந்தச் சேலத்தில் ஏராளம். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் பக்கம் போய்ப் பாருங்கள். கை கொலுசில் இருக்கும், காது டிவியில் இருக்கும். வேலையை நிறுத்திவிட்டு அடுத்த படத்தைத் தேடிக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரம் கிடையாது. ஓடுவது நல்ல படமாக இருந்தால் அன்றைய பொழுது சுகமாகப் போகும். எது நல்ல படம் என்று முன்கூட்டியே ஒருவன் சொல்லிவைத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

இந்தப் பட்டியல் தொடங்கியதே என் சித்திக்காகத்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டையும் தாண்டி நாகலூர்ப் பக்கம் இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஆனால் போன் வந்துவிடும்: "சாமி, இந்த வாரம் என்ன படம்டா?" அவருக்குச் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

சென்ற வாரம் நான் சொன்னது 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 1956இல் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எடுத்தது சென்னையில் யாரோ அல்ல, நம் ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் வந்ததே, அதுவும் இவர்கள் எடுத்ததுதான். இன்று அந்த முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துப் போடுகிற அன்பருக்கு, உள்ளே எடுத்த படத்தைப் பார்க்கச் சொன்னால் முதியோர் இல்லம் நினைவுக்கு வருகிறது!

சித்தியின் அப்பா, அதாவது என் தாத்தா, அங்கே தச்சுவேலை பார்த்தவர். அலிபாபா குகைக் கதவில் தன் உளியும் பட்டது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையோ பொய்யோ, சரிபார்க்க ஆள் இல்லை. படம் டிவியில் வரும்போதெல்லாம் கதவு திறக்கும் காட்சிவரை சித்தி அடுப்படிக்குப் போகமாட்டார். திறந்ததும் எனக்குப் போன் வரும்: "பார்த்தியா?" நானும் இங்கே கன்னங்குறிச்சியில் அதே நொடியில் அதே கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

யூடியூபில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். அதில் நான் பார்க்கும் நேரத்தில் சித்தி பார்க்கமாட்டார். சித்திக்கு அதைத் தேடவும் தெரியாது. மழை கொட்டினால் டிஷ்ஷும்தான் போய்விடுகிறது என்று ஒருவர் மடக்கினார். போகிறது, ஒப்புக்கொள்கிறேன். மழை விட்டதும் வந்துவிடுகிறது. விளம்பரத் தொல்லையா? உண்டுதான். அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில் காபி போடுவோம். பழைய படமாகவே சொல்கிறாய் என்கிறவர்களுக்குப் பதில் கிடையாது. புதுப்படத்தைப் பற்றிச் சொல்லத்தான் ஊரே இருக்கிறதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் டிவி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்குத் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்கள். ஆங்கில அகரவரிசைப்படி அசாமியில் தொடங்குவார்கள். தமிழ் எங்கேயோ வாலில். வாரக்கணக்கில் வங்காளமும் மராத்தியும் ஒரியாவும் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கூடம் நிறைந்திருக்கும். அந்தக் கூடத்தில் முன்வரிசையில், என் அம்மா கொடுத்த பொரியைக் கொறித்துக்கொண்டு, தலையால் திரையை மறைத்துக்கொண்டிருந்த பையன் யார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கே தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

சரி, எதையோ சொல்ல வந்து எங்கோ போய்விட்டேன். இந்த ஞாயிறு 'மந்திரி குமாரி' போடுகிறார்கள். 1950இல் வந்த படம், அதுவும் நம் ஊர்த் தயாரிப்பு. வசனம் கலைஞர் கருணாநிதி. மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். மனைவியைத் தள்ளிவிட மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான் ஒருவன். சாவதற்குமுன் மூன்று முறை சுற்றிவருகிறேன் என்கிறாள் அவள். சுற்றி வந்து என்ன செய்கிறாள் என்பதைப் படத்தில் பாருங்கள். சித்தியிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.

சென்ற மாதம் அந்த அன்பர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தேன். கூடத்தில் டிவியில் நெடுந்தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அவர்தான் ரிமோட்டை வைத்திருந்தார். விளம்பரம் வந்த பிறகுதான் என் பக்கம் திரும்பி, "வாப்பா, எப்போது வந்தாய்?" என்றார்.