வயிறு சரியில்லாத தங்கச்சி எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு கல்லடி மண்டபத்தில், குடலுக்கு நல்ல கிருமி என்று ஒரு தூளைப் பக்கற்றில் போட்டு, சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) மருந்தென்று பேசி விற்ற கூத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். எழும்பி நின்று கேள்வி கேட்ட அந்தத் தங்கச்சி நான்தான். “தங்கச்சிக்கு வயிறு சரியில்லை போல, ரெண்டு பக்கற் சும்மா குடுங்க” என்று பேச்சாளர் சொல்ல, மண்டபமே சிரித்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: சீனி வருத்தத்தை இந்தத் தூள் குறைக்கும் என்று எந்த மனிதரில் சோதித்தார்கள்?

குடல் நுண்ணுயிர் ஆராய்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. திரும்பவும் சொல்கிறேன், சொல்லவில்லை. கிளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியால் திரும்பத் திரும்ப வயிற்றோட்டம் வந்து வாடியவர்களுக்கு, சுகமாக இருக்கும் ஒருவரின் மலத்தைக் கரைத்துக் குழாய் வழியாகச் செலுத்தினார்கள். 2013இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு. 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் குணம். முகம் சுளிப்பவர்கள் சுளியுங்கள், அது மருத்துவம். கொழுத்தவரின் குடல் கிருமியைக் கொடுத்தால் எலி கொழுக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் என் அம்மா எலி இல்லை.

போன வருடம் இதேபோல ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு அம்மா சீனிக்குப் போடும் மெட்ஃபோர்மின் குளிசையை நிறுத்தினார். மூன்று கிழமையில் சீனி 340. இரவு முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான், சிரித்தவர்கள் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், மெட்ஃபோர்மினே குடல் நுண்ணுயிர்களை மாற்றுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை விட்டுவிட்டுத்தான் 9,500 ரூபாய்த் தூள்!

“அப்ப பழஞ்சோறும் எருமைத் தயிரும் பொய்யா?” என்று உள்பெட்டியில் நாலு பேர். ஐயாமாரே, நான் படுவான்கரைப் பிள்ளை, தயிர்முட்டி கழுவி வளர்ந்தவள். 2021இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில் புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின. மொத்தம் 36 பேர், அதிலும் பாதிப் பேருக்குத்தான் புளித்த உணவு, எல்லாரும் சுகதேகிகள். தயிர் நல்லது, தின்னுங்கள். குளிசையை ஏன் எறிகிறீர்கள்?

“நீ என்ன டொக்டரா?” இல்லை. அந்தப் பேச்சாளரும் இல்லை. அவரிடம் மட்டும் ஏன் ஒருவரும் கேட்கவில்லை, கோட் போட்டிருந்தார் என்றா? உடம்பில் மனிதக் கலங்களைவிடப் பத்து மடங்கு பக்டீரியா என்று பெரிய திரையில் காட்டினாரே, அந்தக் கணக்கு 2016இலேயே திருத்தப்பட்டுவிட்டது. 38 ட்ரில்லியன் பக்டீரியாவுக்கு 30 ட்ரில்லியன் மனிதக் கலம், கிட்டத்தட்ட சரிக்குச் சரி.

“நம்மட பொடியன் உழைக்கட்டுமே” என்று பேச்சாளருக்குப் பரிந்து வருகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இவ்வளவு தயிர்ப் பெருமை பேசுகிறீர்களே, மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023இல் சித்தாண்டியில் வீதியோரம் குந்தியிருந்து போராடியபோது எத்தனை பேர் எட்டிப் பார்த்தீர்கள்? மாட்டுக்குப் புல் இல்லை, மனிசனுக்குக் கிருமி பக்கற். சரி, அது வேறு கதை.

சும்மா தந்த இரண்டு பக்கற்றும் மேசையில் கிடக்கின்றன. “மகள், கோழிக்குக் கலந்து போடட்டா?” என்று அம்மா காலையில் கேட்டார்.

“வேணாம்மா, கோழி நல்லாத்தானே முட்டையிடுது.”