ஆட்டுப்பட்டியிலிருந்து ஒரு குடியரசு

ஐஸ்லாந்துக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தது கவிதைதான் என்று யாராவது சொன்னால் எனக்குச் சற்று எரிச்சல் வரும். கவிதை மேல் பகை ஒன்றுமில்லை. ஐஸ்லாந்து டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த காலத்தில், கவிஞர் யோனாஸ் ஹால்கிரிம்சன் டேனிஷ் தலைநகர் கோபன்ஹேகனில் நண்பர்களோடு 1835இல் தொடங்கிய ‘ஃபியோல்னிர்’ இதழிலேயே தம் நாட்டைப் பாடினார். திங்வெட்லிர் வெளியில் 930 முதல் கூடிவந்த அல்திங்கி என்ற நாட்டு மன்றம் 1800இல் ஒழிக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்துத் தலைவர் ஸ்னோரி வந்து தங்கிய குடில் இன்று ஆட்டுப்பட்டி என்று யோனாஸ் எழுதியதைப் படித்தால் எனக்கும் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

சரி, அழுதாயிற்று, அடுத்து என்ன? மன்றத்தைத் திருப்பித் தர டென்மார்க் அரசர் இசைந்தபோது, அதைத் திங்வெட்லிரிலேயே கூட்டவேண்டும் என்று ஃபியோல்னிர் அணியினர் நின்றார்கள். பாட்டன் பேசிய பாறையில்தான் பேரனும் பேசவேண்டுமாம்! விடுதலை இயக்கத்தின் தலைவர் யோன் சிகுர்த்சன் மறுத்தார். ரெய்க்யவிக்கில் கூடட்டும், நாட்டுக்கு ஒரு நகரம் வளரட்டும் என்றார். 1845இல் அங்கேதான் கூடியது, ஆலோசனை சொல்லும் உரிமையோடு மட்டும்.

என் வாக்கு யோனுக்கே. பழஞ்சுவடிகளிலேயே வாழ்நாளைக் கழித்த மனிதர் அவர். சுவடியில் பெருமையைத் தேடாமல் பத்திரத்தைத் தேடினார். 1848இல் அவர் வைத்த வாதம் இது: 1262இல் எங்கள் முன்னோர் பணிந்தது நார்வே அரசருக்கு, எந்த மக்களுக்கும் அல்ல. அந்த முடி பின்னாளில் டென்மார்க் அரசரிடம் வந்தது. அவர் தனியாட்சியைத் துறந்தால், அதிகாரம் கொடுத்தவர்களிடமே திரும்பவேண்டும். டேனிஷ் நாடாளுமன்றத்துக்கு அதில் என்ன வேலை? 1851இல் டென்மார்க்கின் ஆளுநர் டிராம்பே, ஐஸ்லாந்தின் ஆட்சிமுறையைப் பேசக் கூடிய தேசியப் பேரவையைப் பாதியில் கலைத்தபோது யோன் எழுந்து எதிர்த்தார். உடனே உறுப்பினர்கள் ஒரே குரலில், ‘நாங்கள் அனைவரும் எதிர்க்கிறோம்’ என்றார்கள். வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

பொற்காலக் கதையில் வராத ஒன்றும் உண்டு. நிலமில்லாதவர்கள் ஆண்டுதோறும் ஏதாவதொரு பண்ணைக்காரரிடம் வேலைக்குக் கட்டுப்பட்டே தீரவேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம் இருந்தது. அதைத் தளர்த்த அல்திங்கியின் பண்ணைக்காரர்கள் எளிதில் இசையவில்லை. 1894இல்தான் பெரிதும் தளர்ந்தது. எல்லாப் பழியையும் டென்மார்க் தலையில் போடுவது அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

1904இல் உள்நாட்டு ஆட்சி, 1918இல் இறையாண்மை. 1944 ஜூன் 17, யோனின் பிறந்தநாளில், குடியரசு அறிவிப்பு. எங்கே தெரியுமா? திங்வெட்லிரில்தான், கொட்டும் மழையில். டென்மார்க் அப்போது ஜெர்மானியர் பிடியில் இருந்தது. அங்கிருந்து அரசர் பத்தாம் கிறிஸ்டியன் அனுப்பிய வாழ்த்துத் தந்தியை, நனைந்து நின்ற கூட்டத்துக்கு வாசித்துக் காட்டினார்கள்.