நடுப்படியில் நின்னு போட்டோ எடுக்குற மகராசா, நல்லா இரு

படியில பாதியில நின்னு போட்டோ எடுக்குறவனுக்குன்னு தனியா ஒரு நரகம் இருக்கணும். இருந்தாலும் அங்க போற படியிலயும் நின்னுட்டுத்தான் இருப்பான்.

ஜப்பான்ல மட்சுமோட்டோ கோட்டை. 1590கள்ல கட்டின மரக்கட்டடம். கன்னங்கரேல்னு அகழியில நிழல் விழ நிக்கும், பின்னாடி பனிமலை. வெளிய நின்னு பார்த்தா கண்ணுல ஒத்திக்கலாம். கஷ்டமெல்லாம் உள்ளதான். வாசல்லயே ஷூவைக் கழட்டணும். கழட்டுறது நமக்கு என்ன புதுசா? கோயில் வாசல்ல விட்டுட்டுப் போவோம், திரும்பி வர்றப்போ இருந்தா நம்ம அதிர்ஷ்டம். இங்க கழட்டினதைப் பையில போட்டு நாமளே தூக்கிட்டு ஏறணும். ஒரு கையில ஷூ, இன்னொரு கை கைப்பிடியில, கால்ல சாக்ஸ், கீழ வழவழன்னு தேய்ஞ்ச மரம்.

வெளிய இருந்து எண்ணினா அஞ்சு அடுக்கு, உள்ள ஆறு மாடி. எதிரியை ஏமாத்தக் கட்டினதாம். ஏமாந்தது என் முட்டி. மூணாவது மாடிக்கு ஜன்னலே கிடையாது. நாலுலேர்ந்து அஞ்சுக்குப் போற படி 61 டிகிரி செங்குத்து. 61! அதுக்குப் பேரு படியா, ஏணியா?

அந்தப் படியிலதான், பாதி ஏறினதுக்கு அப்புறம், எனக்கு முன்னாடி போனவன் நின்னான்.

மூச்சு வாங்குது போலன்னு நினைச்சேன். இல்ல. போனை எடுத்தான். மேல உத்திரத்தை ஒரு போட்டோ. பார்த்தான், பிடிக்கல. இன்னொண்ணு. அப்புறம் போனைக் குறுக்கால திருப்பினான். அவன் கையில தொங்குற ஷூப்பை என் மூக்குக்கு நேரா இப்படியும் அப்படியும் ஆடுது. அந்த ஷூ எத்தனை ஊர் சுத்தியிருக்குன்னு என் மூக்குக்குத் தெரிஞ்சுபோச்சு. அடுத்து வீடியோ. வீடியோவுக்குப் பேச்சு வேற! கடைசியா கீழ திரும்பி, எனக்கும் பின்னாடி நிக்குற சம்சாரத்தைச் சிரிக்கச் சொன்னான். நடுவுல என் மூஞ்சி. அவங்க வீட்டு ஆல்பத்துல இன்னிக்கும் நான் பல்லைக் கடிச்சுட்டு நிக்குறேன்.

எனக்குப் பக்கத்துல ஒரு ஜப்பான் பாட்டி. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம நிக்குறாங்க. என்னைப் பார்த்து லேசா தலையசைச்சாங்க. நான்தான் வழியை அடைச்சிருக்கேன்னு முடிவே பண்ணிட்டாங்க போல.

சுவரெல்லாம் அம்பு விடத் துளை, துப்பாக்கிக்குத் துளை, கல்லை உருட்டித் தள்ள ஒரு சந்து. இத்தனை ஏற்பாடும் எதுக்கு? ஒரே ஒருத்தன் கையில போனைக் கொடுத்துப் படியில நிறுத்தியிருந்தா எந்தப் படையும் மேல வந்திருக்காது. 1630கள்ல ஷோகுன் இயெமிட்சு, அதாவது அப்போ ஜப்பானை ஆண்ட படைத்தலைவர், வர்றார்னு நிலா பார்க்க ஒரு மண்டபமே ஒட்டவெச்சுக் கட்டினாங்க. மனுஷன் கடைசிவரைக்கும் வரல. வழியில மலைப்பாறை சரிஞ்சுதுன்னு காரணம் சொல்றாங்க. படியைப் பத்தி யாரோ முன்னாடியே காதுல போட்டிருப்பாங்க.

ஒசாகா கோட்டையை 1931ல கான்கிரீட்ல கட்டினாங்க, உள்ள லிஃப்ட் இருக்கு, அதெல்லாம் ஒரு கோட்டையான்னு மூக்கைச் சுளிக்குறவங்க இருக்காங்க. பழைய மரக்கோபுரம் நாடு முழுக்க மிஞ்சியிருக்கிறது வெறும் 12, அதைத்தான் பார்க்கணுமாம். பாருங்க, தாராளமா ஏறுங்க. நான் லிஃப்ட் கட்சி.

ஒருவழியா உச்சிக்குப் போனா, கூரைக்கடியில கோட்டையைக் காக்குற தெய்வத்துக்கு ஒரு சின்ன மாடம். கும்பிட்டுத் திரும்புறேன், நம்மாளு அதையும் வீடியோ எடுத்துட்டிருக்கான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவனும் சிரிச்சான். கட்டைவிரலை வேற தூக்கிக் காட்டினான்.

அதை விடுங்க. இந்த நாட்டுல குப்பைத்தொட்டியை எங்கதான்யா வெச்சிருக்கீங்க? காலைல தின்ன சோத்து உருண்டையோட கவர் சாயங்காலம் வரைக்கும் என் பேன்ட் பாக்கெட்லயே இருக்கு. ஊரே பளபளன்னு இருக்குன்னு உலகமே மெச்சுது. இருக்காதா பின்ன, குப்பை பூரா எங்க பாக்கெட்லதானே இருக்கு!