கா-ஆபெர் வெற்று மரமாகப் பிறந்தவர் அல்ல

கெய்ரோவில் நிற்கும், பழங்கால எகிப்தியப் பூசாரி கா-ஆபெரின் மரச்சிலையைப் பார்த்து ‘மரத்தின் அழகே அழகு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1860இல் கெய்ரோவுக்கு அருகே சக்காரா இடுகாட்டில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் மரியெட் கண்டெடுத்த அந்தச் சிலை, செய்த நாளில் சுண்ணப்பூச்சும் வண்ணமும் போர்த்திருந்தது. இன்று நாம் பார்ப்பது தோல் உரிந்த உடம்பு.

தோலோடு பார்க்க வேண்டுமானால், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் மரப்பெண் சிலையைப் பாருங்கள்; மெகெட்ரே என்ற பழங்கால எகிப்திய உயரதிகாரியின் கல்லறையில் கிடைத்தவள். தலையில் இறைச்சிக் கூடை, வலக்கையில் வாத்து, உடையெங்கும் இறகுக் கோலம். உயரம் 112 செ.மீ., வயது ஏறக்குறைய 4,000 ஆண்டு. 1920இல் தொல்லியலாளர் வின்லாக்கின் குழு திறக்கும்வரை அடைத்த அறையில், மாறாத வறண்ட காற்றில் இருந்தாள். வண்ணம் தப்பியதற்கு அதுதான் காரணம்.

எகிப்தில் பெரிய, நேரான மரம் அரிது. நம் அத்திக்கு உறவான ஒரு மரம், கருவேலம் போன்றவைதான் கையில் கிடைத்தவை. அதனால் கைகளைத் தனியே செதுக்கி, கழுந்து வைத்துத் துளையில் செருகி, மர ஆணியால் இறுக்கினார்கள். இடுக்கை அடைத்து, சில இடங்களில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியை வஜ்ஜிரத்தில் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) குழைத்துப் பூசினார்கள். அதன்மேல் பிசினில் கலந்த வண்ணம்.

கோளாறு தொடங்குவதும் இங்கேதான். ஈரம் ஏறினால் மரம் நாருக்குக் குறுக்கே உப்பும், காய்ந்தால் சுருங்கும். நெடுக்கில் அசைவதேயில்லை எனலாம். சுண்ணப்பூச்சு அதோடு சேர்ந்து அசையாது. மரம் சுருங்கும்போது பூச்சு நார்வாக்கில் கூரைபோல் மடிந்து எழும்பும், பிறகு உதிரும். மூட்டுகளில் நார் திசை மாறுவதால் அங்கே விரிசல் முந்திக்கொள்ளும். ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி நிலையாக நிற்பது நல்லது. பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்ற பழக்கம் இந்தச் சிலைகளைக் கொல்லும்.

ஈரத்துணி கூடவே கூடாது. வஜ்ஜிரமும் பிசினும் தண்ணீரில் கரைபவை, அழுக்கோடு வண்ணமும் போய்விடும். எகிப்திய மன்னன் துத்தன்காமுனின் கல்லறைப் பொருள்கள் பலவற்றை, அதைக் கண்டெடுத்த கார்ட்டரும் வேதியியலாளர் லூக்காஸும் பாரஃபின் மெழுகால் காப்பாற்றினார்கள். அன்று வேறு வழி குறைவு. ஆனால் மெழுகு வண்ணத்தை இருட்டாக்கும், தூசியைப் பிடிக்கும், பின்னாளில் பசை உள்ளே இறங்கவும் விடாது. இப்போது எழும்பிய செதிலுக்குப் பின்னால் மெல்லிய தூரிகை நுனியால் துளித்துளியாகப் பசை விட்டு, இளகியபின் மெதுவாக அழுத்துகிறார்கள்.

‘வெற்று மரம்’ என்று சொல்லப்படும் எந்தச் சிலையையும் துடைப்பதற்கு முன் ஒரு சோதனை கட்டாயமாக வேண்டும். மணல், சுண்ணாம்பு, செம்பு, காரம் சேர்த்து 900 டிகிரி அளவில் சுட்டெடுத்த எகிப்திய நீலம் என்ற வண்ணப்பொடி, சிவப்பு ஒளி பட்டால், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் ஒளிரும். அகச்சிவப்பைப் பிடிக்கும் கேமராவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள்கூட வெள்ளைப் புள்ளியாக மின்னும்.